நாங்கெல்லாம் ஜிம்முக்கா போனோம்?

கேள்வி கேட்டவருக்கு 29 வயது, ஐ.டி. வேலை. எட்டு மாதமாக ஜிம் போகிறார். கூடச் சேர்ந்த நண்பனுக்குத் தோளும் கையும் நன்றாக ஏறிவிட்டன, இவருக்குச் சட்டை அளவுகூட மாறவில்லை. வீட்டில் 66 வயது அப்பா, "நாங்கெல்லாம் ஜிம்முக்கா போனோம்? உழைச்சோம், உடம்பு கெட்டியா இருந்துச்சு. உங்க தலைமுறைக்கு உடம்பு வணங்காது" என்று தினமும் ஒரு பாட்டம் பாடுகிறார். உடம்பு என்பது உழைப்பா, அதிர்ஷ்டமா, இல்லை எங்கள் தலைமுறைதான் உண்மையிலேயே சோம்பேறியா என்று கேட்டிருக்கிறார்.

நான் பிசியோதெரபிஸ்ட். இந்தச் சண்டை என் அறையில் அடிக்கடி நடக்கும், பெரும்பாலும் அப்பாவுக்கு முட்டி வலி என்று மகன் கூட்டிக்கொண்டு வந்திருக்கும்போது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பாவின் அந்தக் கெட்டியான உடம்புக்கு, அவர் நினைக்கிற அளவுக்கு அவர் காரணம் இல்லை. உங்கள் கை ஏறாததற்கும் நீங்கள் நினைக்கிற அளவுக்கு நீங்கள் காரணம் இல்லை. அதைக் கழித்த பிறகும் இரண்டு பேர் கையிலும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அந்த மிச்சம், உங்களைவிட உங்கள் அப்பாவுக்குத்தான் இப்போது அவசரம்.

உடற்பயிற்சி ஆராய்ச்சியின் பெரிய பகுதி லண்டன் பஸ்ஸில் ஏறி வந்தது. ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் 1949-50 வாக்கில் லண்டன் போக்குவரத்து ஊழியர்கள் சுமார் 31,000 பேரின் உடல்நலப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார். ஒரே ஊர், ஒரே பஸ், ஏறக்குறைய ஒரே மாதிரிக் குடும்பங்கள். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் மாடி பஸ்ஸில் ஏறி இறங்கி டிக்கெட் கொடுப்பார், நாளொன்றுக்கு ஏறக்குறைய 600 படி. 1953-ல் முடிவு வெளியானது. கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் கொஞ்சம் பிந்திய வயதில் வந்தது, உயிரை எடுப்பதும் குறைவாக இருந்தது.

இதோடு நிறுத்தியிருந்தால் "பார்த்தாயா, உழைச்சா உடம்பு நிக்கும்" என்று உங்கள் அப்பா இதையே காட்டலாம். மோரிஸ் நிறுத்தவில்லை. ஊழியர்களுக்குச் சீருடை தைத்துக் கொடுத்த கணக்கை வாங்கி, பேன்ட் இடுப்பளவுகளை ஒப்பிட்டார். 1956-ல் அதையும் வெளியிட்டார். இளம் வயது ஊழியர்களிலேயே டிரைவர்களின் இடுப்பு பெரிதாக இருந்தது. அப்படியானால் படி ஏறியதால் கண்டக்டர் இளைத்தாரா, இல்லை இளைத்த ஆள்தான் கண்டக்டர் வேலைக்குப் போனாரா? பிறகு ஒல்லி, நடுத்தரம், பருமன் என்று பிரித்துப் பார்த்தபோதும் கண்டக்டர்களே தேவலை என்றுதான் வந்தது. ஆக, படிக்கட்டு வேலை செய்தது உண்மை. வேலையில் சேரும் முன்பே ஒரு பக்கம் கொஞ்சம் சாதகம் இருந்ததும் உண்மை. (மோரிஸ் 2009-ல் தன் 99-வது வயதில் இறந்தார். அதையும் உடற்பயிற்சிக்குச் சாட்சியாகச் சொல்கிறவர்கள் உண்டு. ஒரு ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.)

இந்தக் கதையில் யாரும் கவனிக்காத ஒரு விஷயம், எந்தக் கண்டக்டரும் இதயம் நன்றாக இருக்கட்டும் என்று படி ஏறவில்லை. டிக்கெட் கொடுக்க ஏறினார். அவருடைய ஒழுக்கத்துக்கும் மன உறுதிக்கும் இதில் வேலையே இல்லை. உங்கள் அப்பாவின் இளமைக்காலத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். பஸ் ஸ்டாப்புக்கு இரண்டு மைல் நடந்தது, கிணற்றில் தண்ணீர் இறைத்தது, சைக்கிள் மிதித்து வேலைக்குப் போனது எல்லாம் வேறு வழி இல்லாததால் நடந்தவை. முதல் சம்பளம் சேர்ந்ததும் அவர் என்ன வாங்கினார் என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேர் ஸ்கூட்டர் அல்லது மொபெட் என்பார்கள். நடக்காமல் இருக்க வாய்ப்பு வந்த அன்றே அந்தத் தலைமுறையும் நடப்பதை நிறுத்திவிட்டது. அதில் தப்பு ஒன்றும் இல்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

இங்கே பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. "ஆட்டுக்கல்லில் மாவாட்டிய பாட்டிக்கு ஒரு வியாதி கிடையாது" என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஆட்டுக்கல் குழவியைத் தொடாத ஆண்கள். அந்தப் பாட்டியிடமே கேட்டால் கிரைண்டர் வந்த நாளைத் தீபாவளி மாதிரி நினைவு வைத்திருப்பார். பிழைப்புக்காக உடம்பை வருத்துவதும் பயிற்சி செய்வதும் உடம்புக்கு ஒன்றில்லை. 2018-ல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து, ஒரு லட்சத்து 90 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் கணக்கைப் பார்த்தார்கள். வேலையில் கடும் உடலுழைப்பு உள்ள ஆண்களுக்கு, உழைப்பு குறைந்த வேலையில் இருப்பவர்களைவிட முந்தி இறக்கும் வாய்ப்பு 18 சதவீதம் அதிகமாக இருந்தது. வறுமை, வெயில், புகை, ஓய்வின்மை எல்லாம் இதில் கலந்திருக்கும், முழுக்கப் பிரித்துவிட முடியாது. ஆனால் மூட்டை தூக்குகிறவருக்கு நடுவில் மூச்சு வாங்க விடமாட்டார்கள், அடுத்த நாள் லீவும் கிடையாது. ஜிம்மில் இரண்டு செட்டுக்கு நடுவே இரண்டு நிமிடம் உட்கார்ந்து போன் பார்க்கிறீர்களே, அந்த ஓய்வில் பாதி வேலை நடக்கிறது.

சரி, உங்கள் நண்பன் விஷயத்துக்கு வருவோம்.

அமெரிக்காவில் 585 ஆண், பெண்களை வைத்து 12 வாரம் ஒரு பரிசோதனை செய்தார்கள். 2005-ல் வெளியானது. வழக்கமாகப் பயன்படுத்தாத கைக்கு மட்டும் எல்லோருக்கும் ஒரே முறைப் பயிற்சி. முடிவில் பைசெப்ஸின் அளவை எடுத்தால் ஒருவருக்கு 59 சதவீதம் வரை ஏறியிருந்தது, இன்னொருவருக்கு இரண்டு சதவீதம் இறங்கியே இருந்தது! பலத்தில் அதைவிட வித்தியாசம்: பூஜ்யத்திலிருந்து 250 சதவீதம் வரை. அந்த உச்சியில் நிற்பவன் உங்கள் நண்பன் என்றால், அவனைப் பார்த்து நீங்கள் சாப்பாட்டை மாற்றினாலும் புரோட்டீன் டப்பாவை மாற்றினாலும் அவன் கை உங்களுக்கு வராது.

மூச்சுத்திறனும் அப்படியே. ஹெரிடேஜ் என்ற பெயரில் குளோட் புஷார் குழுவினர் 1990-களில் 98 குடும்பங்களைச் சேர்ந்த 481 பேருக்கு 20 வாரம் சைக்கிள் பயிற்சி கொடுத்தார்கள். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தே செய்தார்கள். கடும் உழைப்பின்போது உடம்பு ஒரு நிமிடத்தில் பயன்படுத்தும் ஆக்சிஜன், சராசரியாக 400 மில்லி அளவுக்குக் கூடியது. சிலருக்கு அசையவே இல்லை, சிலருக்கு ஒரு லிட்டரைத் தாண்டியது. வித்தியாசம் குடும்பம் குடும்பமாக வந்தது. யாருக்கு எவ்வளவு ஏறும் என்பதில் ஏறக்குறைய பாதி பரம்பரை என்று கணக்கிட்டார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆரம்பத்தில் யார் திடமாக இருந்தாரோ அவருக்கே அதிகம் ஏறியது என்று இல்லை. முதல் நாள் நிலைமைக்கும் 20 வாரத்துப் பலனுக்கும் சம்பந்தம் தென்படவில்லை. பார்த்தால் வாட்டசாட்டம், பயிற்சி கொடுத்தால் ஒன்றும் நடக்காது. நோஞ்சானாக வந்தவர் ஐந்து மாதத்தில் பாய்ந்துவிடுவார். இரண்டு வகையையும் நான் பார்த்திருக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு "என் ஜாதகம் அவ்வளவுதான்" என்று ஜிம் கார்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 2017-ல் இன்னொரு சோதனை நடந்தது. ஆரோக்கியமான 78 பேரை வாரத்துக்கு ஒரு மணி நேரத்திலிருந்து ஐந்து மணி நேரம் வரை வெவ்வேறு அளவில் ஆறு வாரம் சைக்கிள் ஓட்டவிட்டார்கள். வாரம் ஒரு மணி நேரம் செய்தவர்களில் மூன்றில் இரண்டு பேருக்குப் பலன் தெரியவில்லை. நான்கு, ஐந்து மணி நேரம் செய்தவர்களில் பலன் தெரியாதவர் ஒருவர்கூட இல்லை. ஒன்றும் ஏறாத ஆட்களைப் பிறகு இன்னொரு ஆறு வாரம் கூடுதலாக வாரம் இரண்டு நாள் செய்யவைத்தார்கள், அவர்களுக்கும் ஏறியது. 'எனக்கு உடற்பயிற்சி ஒத்துவராது' என்று சொல்லும் பலருக்கு அளவு போதவில்லை, அவ்வளவுதான். ஒரே விலைக்கு இரண்டு பேருக்கு வேறு வேறு எடை நிறுத்துப் போடும் கடை இது. உங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை. அநியாயம்தான், ஆனால் கடை மூடவில்லை.

அதிர்ஷ்டத்தில் இன்னொரு வகை உண்டு. நம் ஊர் உடம்புக்கு இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். 2004-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் பக்கத்தில் பக்கத்தில் வந்தது. ஒருவர் புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக், மற்றவர் லண்டனின் ஜான் யுட்கின். இரண்டு பேரும் ஒல்லி, இரண்டு பேருக்கும் பி.எம்.ஐ. (உயரத்தை வைத்து எடையைப் பார்க்கும் கணக்கு) ஒரே 22.3. உடம்பில் கொழுப்பின் பங்கு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. யுட்கின் மாரத்தான் ஓடுகிறவர் என்பதும் அந்தக் கட்டுரையிலேயே இருந்தது, ஆகவே உழைப்புக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் யாஜ்னிக் புனே பக்கத்துக் கிராமங்களில் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் தொடர்ந்து கவனித்தவர். அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் 3.5 கிலோ. எடை குறைந்தபோது தசையும் உறுப்புகளும்தான் அதிகம் சுருங்கியிருந்தன, தோலுக்கடியில் உள்ள கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. தாய்க்கு, அந்தத் தாயின் தாய்க்குச் சாப்பாடு போதாமல் போனதற்கும் பேரனின் சர்க்கரை நோய்க்கும் தொடர்பு உண்டு என்பது அவர் வாதம்.

கைகால் குச்சி, வயிறு மட்டும் முன்னால்: இந்த உடம்போடு என்னிடம் வரும் பையன்களைப் பார்க்கும்போது இதைத்தான் நினைப்பேன். "எங்க காலத்துல இந்தத் தொப்பை கிடையாது" என்று அப்பா சொல்கிறார். அந்தத் தொப்பைக்கான அஸ்திவாரத்தில் ஒரு பங்கு அவருடைய காலத்துப் பசியால் போடப்பட்டிருக்கலாம். அது அவர் குற்றமும் இல்லை.

தலைமுறைக் கேள்விக்கு ஒரு கணக்கு போதும். 2024-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் உலக சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்தியாவில் போதிய உடலசைவு இல்லாத வயதுவந்தவர்கள் 2000-ல் 22.3 சதவீதம், 2022-ல் 49.4 சதவீதம். வேலை, வீட்டு வேலை, நடந்து போவது எல்லாம் சேர்த்த கணக்கு இது. இந்த 22-ஐயும் 49-ஐயும் காட்டி "பார், இளசுகள் கெட்டுப் போச்சு" என்று வாட்ஸாப்பில் போடுவார்கள். கொஞ்சம் நின்று யோசியுங்கள். 2000-ல் உங்கள் அப்பாவுக்கு நாற்பது சொச்சம். 2022-ல் அறுபது சொச்சம். இரண்டு கணக்கிலும் அவர் இருக்கிறார்! நீங்கள் முதல் கணக்கில் கிடையாது, அப்போது உங்களுக்கு டவுசர்கூடச் சரியாகப் போடத் தெரியாது. அசைவு குறைந்தது மொத்த நாட்டுக்கும், ஒரு தலைமுறைக்கு மட்டும் இல்லை. 2022-ல் ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57 சதவீதம் என்று இருந்ததையும் பாருங்கள். ஒரே தலைமுறை, ஒரே வீடு. அண்ணன் சாயங்காலம் மைதானத்துக்குப் போய்விடுவான், தங்கை இருட்டிய பிறகு நடக்கப் போனால் ஆயிரம் கேள்வி. இதை எந்தத் தலைமுறைச் சோம்பலில் சேர்ப்பது?

தலைமுறை பற்றிப் பேசும்போது மூன்று சமாச்சாரம் எப்போதும் குழம்பிக் கிடக்கும். ஒன்று வயது: 29-ல் எல்லோரும் ஒரு மாதிரி, 66-ல் எல்லோரும் வேறு மாதிரி. இரண்டாவது காலம்: ஒரு பத்தாண்டில் மோட்டார் பைக்கும் லிஃப்டும் போனும் எல்லா வயதினரையும் சேர்த்தே மாற்றும். இந்த இரண்டையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் தலைமுறை. அதைச் சுத்தமாகப் பிரித்து எடுக்கப் புள்ளியியல்காரர்களாலேயே முடியவில்லை, ஏனென்றால் மூன்றில் இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானாகவே முடிவாகிவிடும். 2020-ல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாதெமிகள் வெளியிட்ட அறிக்கை, ஊழியர்களைத் தலைமுறை முத்திரை குத்தி நடத்துவதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது.

இதில் உங்கள் பக்கமும் சுத்தம் இல்லை. 'பூமர் அங்கிள்' என்று நீங்கள் சொல்வது, இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அமெரிக்காவில் 1946 முதல் 1964 வரை பிறப்பு எகிறியதற்கு வைத்த பெயர். போர் முடிந்து, வீடும் காரும் வாங்கி, நாலு பிள்ளை பெற்ற நாட்டுக்கானது. ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்ற வீட்டில் பிறந்த உங்கள் அப்பாவுக்கு அது எந்த விதத்தில் பொருந்தும்?

"அந்தக் காலத்துல எல்லாரும் திடமா இருந்தாங்க" என்பதற்கு வருகிறேன். 1971-ல் இந்தியாவில் ஆயிரம் குழந்தை பிறந்தால் 129 குழந்தை ஒரு வயதுக்குள் இறந்தது. 2020-ல் அது 28. நோஞ்சானாகப் பிறந்த பல பேர் அப்பாவின் நினைவில் இல்லவே இல்லை. பிழைத்து, வளர்ந்து, இன்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிறவர்களை மட்டும் வைத்து ஒரு காலத்தை எடை போட்டால் அந்தக் காலம் இரும்பாகத்தான் தெரியும்.

இன்னொன்று, நினைவே நம்மை ஏமாற்றும். 2019-ல் ஜான் புரோட்ஸ்கோ, ஜோனதன் ஸ்கூலர் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்கப் பெரியவர்களிடம் இந்தக் காலப் பிள்ளைகள் பற்றிக் கேட்டார்கள். நிறைய வாசிக்கிறவர்கள்தான் 'பிள்ளைகள் இப்போது வாசிப்பதில்லை' என்று அதிகம் சொன்னார்கள். அதிகாரத்துக்கு அடங்குகிறவர்கள்தான் 'மரியாதை போச்சு' என்றார்கள். தன்னிடம் இன்று எது இருக்கிறதோ, அது சின்ன வயதிலேயே இருந்தது என்று மனம் நிரப்பிக்கொள்கிறது. காலையில் ஐந்து மணிக்கு எழுந்து நடக்கும் 66 வயதுக்காரர், 29 வயதிலும் தான் ஐந்து மணிக்கு எழுந்ததாகவே நம்புவார். உங்கள் பாட்டி இருந்தால் அவரிடம் கேளுங்கள், நிஜம் வெளியே வரும்.

இப்போது அப்பாவுக்கு. "உழைச்ச உடம்பு" என்பது வங்கியில் போட்டு வைத்த பணம் இல்லை. 1966-ல் டல்லஸில் இருபது வயதுப் பையன்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். முப்பது ஆண்டு கழித்து, ஐம்பது வயதில் அதே ஐந்து பேரைச் சோதித்தால், முப்பது வருட வயதேற்றம் குறைத்த மூச்சுத்திறனைவிட அந்த மூன்று வாரப் படுக்கை குறைத்தது அதிகம். பிறகு ஆறு மாதம் பயிற்சி கொடுத்ததில் இருபது வயதுப் பழைய அளவுக்கே திரும்பினார்கள். "ரிட்டயர் ஆயாச்சு, இனி ரெஸ்ட்" என்று சொல்லும் ஒவ்வொருவருக்கும் நான் இந்தக் கதையைச் சொல்வேன். கூடவே பாஸ்டன் முதியோர் இல்லத்துக் கதையையும். 1990-ல் மரியா ஃபியாட்டரோன் குழுவினர் சராசரி 90 வயதுள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டார்கள். 90 வயதில்!

காலை நடை நல்லது, ஆனால் அறுபதுக்கு மேல் அது மட்டும் போதாது. என்னிடம் வருகிறவர்களில் தினமும் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறவர்களே, சோபாவிலிருந்து எழும்போது இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, ஒரு முறை முன்னால் ஆடி, "அப்பாடா" என்று எழுவார்கள். தொடைச் சதை போய்விட்டதற்கு அடையாளம் அது. வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோரம் போடுங்கள். கையை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 வினாடியில் எத்தனை முறை முழுக்க எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 65 முதல் 69 வயது ஆணுக்கு 12-க்குக் கீழே வந்தால் சராசரிக்குக் குறைவு, விழுந்துவிடும் ஆபத்து கூடுகிறது என்று எடுத்துக்கொள்வோம். அதே வயதுப் பெண்களுக்கு 11. அம்மாவையும் விட்டுவிடாதீர்கள்.

எண்ணிக்கை குறைந்தால் அதே நாற்காலிதான் பயிற்சியும். வாரம் மூன்று நாள், பத்துப் பத்தாக இரண்டு மூன்று செட், உட்காரும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக இறங்க வேண்டும். சுலபமானதும் கையில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில். நெஞ்சு வலி, படி ஏறினால் மூச்சுத்திணறல், கட்டுக்கு வராத பிரஷர் இருந்தால் முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு ஆரம்பிக்கட்டும். இன்சுலின் போடுகிறவரோ, சர்க்கரையைத் தாழ இறக்கிவிடக்கூடிய மாத்திரை எடுக்கிறவரோ வெறும் வயிற்றில் செய்யக்கூடாது.

உங்களுக்கு: வாரம் எத்தனை நாள், ஒரு தசைக்கு எத்தனை செட் என்று முதலில் எழுதிப் பாருங்கள். நண்பனுக்கு மூன்று நாள் போதுமாக இருந்தால் உங்களுக்கு நான்கு வேண்டியிருக்கலாம். தூக்கும் எடை மாதாமாதம் ஏறுகிறதா என்பதைக் குறியுங்கள், சட்டை அளவை ஆறு மாதத்துக்கு மறந்துவிடுங்கள். பலம் முதலில் ஏறும், பருமன் பின்னால்தான் வரும், சிலருக்குக் கொஞ்சமாகத்தான் வரும். அப்பாவை ஒரு நாள் ஜிம்முக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். டிரெய்னரிடம் கால் பயிற்சியிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். முதல் வாரம் அவர் உங்களைவிட அதிகம் தூக்கப் பார்ப்பார், அதற்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள்.